வேலை கிடைத்த மூளை: மட்டில்டாவின் அதிசயம் ஏன் மறைந்தது?

நம் புராணங்களில் வரம் பெற்றவர்கள் அதை லேசில் விடுவதில்லை. வரம் பறிபோக ஒரு சாபம் வேண்டும், ஒரு போர் வேண்டும், குறைந்தபட்சம் ஒரு முனிவரின் கோபமாவது வேண்டும். ரோல்டு டால் எழுதிய 'மட்டில்டா' நாவலின் கடைசிப் பக்கங்களிலும் ஒரு சிறுமி தன் வரத்தை இழக்கிறாள். தொடாமலே பொருள்களை நகர்த்தும் சக்தி அவள் கண்களில் இருந்தது. ஒரு நாள் காலை விளையாட்டாக எதையோ நகர்த்திப் பார்க்கிறாள், அது அசையவில்லை. சாபமும் இல்லை, சண்டையும் இல்லை. அவளுக்கு வருத்தம்கூட இல்லை. வாழ்நாள் முழுக்க அதிசயம் செய்துகொண்டிருக்கத் தனக்கு விருப்பமில்லை என்று ஆசிரியையிடம் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறாள்.

1988 அக்டோபரில் லண்டனில் வெளியான இந்த நாவலை, அபாரமான அறிவும் மாயசக்தியும் கொண்ட சிறுமி கொடியவர்களைப் பழிவாங்கும் கதையாகவே பெரும்பாலோர் நினைவில் வைத்திருக்கிறார்கள். குவென்டின் பிளேக் வரைந்த, புத்தகக் குவியலுக்கு நடுவே அமர்ந்திருக்கும் சிறுமியின் உருவமும் அந்த நினைவோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் சக்தி மறையும் அந்தச் சிறு பகுதியிலிருந்து பின்னோக்கி வாசித்தால் நாவல் வேறொரு முகம் காட்டுகிறது. மட்டில்டாவின் அதிசயம் அவளுடைய திறமையின் உச்சம் இல்லை. திறமைக்கு இடம் கொடுக்கப்படாததன் விளைவு. பெரியவர்கள் செய்யவேண்டிய வேலையைச் செய்திருந்தால் அந்த அதிசயம் நிகழ்ந்திருக்கவே தேவையில்லை. இதைத்தான் டால் சொல்ல வந்தார் என்பதற்கு நாவலுக்குள்ளேயும், அது எழுதப்பட்ட விதத்திலும் சான்றுகள் இருக்கின்றன.

சமையல் புத்தகம் மட்டும் இருந்த வீடு

மட்டில்டா வோர்ம்வுட்டின் திறமையை டால் வயதுக் கணக்கோடு அடுக்குகிறார். ஒன்றரை வயதில் பெரியவர்களைப் போலப் பிழையின்றிப் பேசுகிறாள். மூன்று வயதில், வீட்டில் கிடந்த செய்தித்தாள்களையும் இதழ்களையும் வைத்துக்கொண்டு தானாகவே படிக்கக் கற்றுக்கொள்கிறாள். நான்கு வயதில் வேகமாக வாசிக்கிறாள். அந்த வீட்டில் இருந்த ஒரே புத்தகம் அம்மாவின் சமையல் புத்தகம். அதை மனப்பாடம் செய்து முடித்ததும் அப்பாவிடம் ஒரு புத்தகம் வாங்கித் தரக் கேட்கிறாள். டிவி இருக்கும்போது புத்தகம் எதற்கு என்பது அவருடைய பதில்.

அப்பா ஹாரி வோர்ம்வுட் பழைய கார் வியாபாரி. தேய்ந்துபோன கியர் பாக்ஸில் மரத்தூளைக் கொட்டிச் சத்தத்தை அடக்குவார். மின்சார டிரில்லை எதிர்த்திசையில் ஓடவிட்டு, கார் ஓடிய மைல் கணக்கைக் குறைத்துக் காட்டுவார். அம்மா வார நாட்களில் பிற்பகல் தோறும் எட்டு மைல் தொலைவில் இருக்கும் எய்ல்ஸ்பரிக்குப் போய் பிங்கோ ஆடுவார். அண்ணன் மைக்கேல் சாதாரணப் பையன். அப்பாவின் தொழிலுக்கு வாரிசாகத் தயார் செய்யப்படுகிறவன்.

இந்த வீட்டில் மட்டில்டாவின் அறிவு முதன்முறை வெளிப்படையாகத் தெரிவது ஒரு கணக்கில். அன்று விற்ற ஐந்து கார்களின் கொள்முதல் விலையையும் விற்ற விலையையும் அப்பா ஒவ்வொன்றாகச் சொல்ல, மைக்கேல் தாளில் எழுதிக்கொள்கிறான். அவன் கூட்டத் தொடங்குவதற்குள் மட்டில்டா மொத்த லாபத்தைச் சொல்லிவிடுகிறாள்: 4,303 பவுன் 50 பென்ஸ். வாசகர் பென்சில் எடுத்துக் கூட்டிப் பார்த்தாலும் விடை சரியாக இருக்கும். டால் அந்த எண்களைக் கவனமாகவே அமைத்திருக்கிறார். ஆனால் அப்பா வியக்கவில்லை. தான் குறித்து வைத்திருந்த தாளை ஒளிந்திருந்து பார்த்துவிட்டாள் என்று ஏசுகிறார். ஊரை ஏமாற்றிச் சம்பாதித்த தொகையைச் சரியாகக் கூட்டிச் சொன்ன மகள், ஏமாற்றுக்காரி என்று பட்டம் வாங்குகிறாள். திறமையை அடையாளம் காணாமல் போவது அறியாமையால் மட்டும் நடப்பதில்லை, அதை ஒப்புக்கொண்டால் தங்கள் கணக்கு இடிக்கும் என்பதாலும் நடக்கிறது என்று இந்தக் காட்சி காட்டிவிடுகிறது.

மட்டில்டா செய்யும் குறும்புகளும் இந்தச் சூழலில்தான் தொடங்குகின்றன. அப்பாவின் தொப்பியின் உட்புறம் சூப்பர் குளூ தடவுகிறாள். இரவல் வாங்கிய கிளியைப் புகைபோக்கிக்குள் ஒளித்துவைத்து வீட்டாரைப் பேய் பயத்தில் ஆழ்த்துகிறாள். தலைக்குத் தடவும் எண்ணெயோடு அம்மாவின் முடிச்சாயத்தைக் கலந்துவிடுகிறாள். ஒவ்வொன்றும் திட்டமிட்ட, அளந்து செய்த, ஆதாரம் விட்டுவைக்காத வேலை. பின்னால் வரப்போகும் மாயசக்தியின் முன்னோட்டம் இவை. வேலை இல்லாத மூளை தனக்குத் தானே வேலை தேடிக்கொள்கிறது.

தன் கதையையே படித்த சிறுமி

அம்மா பிங்கோவுக்குப் போகும் பிற்பகல்களில் மட்டில்டா தனியாக ஊர் நூலகத்துக்கு நடந்து போகிறாள். நூலகர் திருமதி ஃபெல்ப்ஸ். குழந்தைகள் பகுதியில் இருந்த அத்தனை புத்தகங்களையும் முடித்த பிறகு, பெரியவர்கள் படிக்கும் நல்ல புத்தகம் ஒன்று வேண்டும் என்று அவள் கேட்கும்போது வயது நான்கே கால். அவர் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலை எடுத்துத் தருகிறார். அடுத்த ஆறு மாதங்களில் அவள் படித்த 14 புத்தகங்களின் பட்டியலை டால் அப்படியே நாவலில் அச்சிட்டிருக்கிறார். ஜேன் ஆஸ்டின், தாமஸ் ஹார்டி, கிப்ளிங், வெல்ஸ், ஹெமிங்வே, ஃபாக்னர், ஸ்டைன்பெக், கிரஹாம் கிரீன், ஆர்வெல் எல்லாம் அதில் உண்டு.

இந்தப் பட்டியல் வாசகரை மலைக்கவைப்பதற்காக மட்டும் போட்டதில்லை. 1847இல் வெளியான 'ஜேன் அயர்' அதில் இருக்கிறது. அந்த நாவலில், புத்தகத்தோடு ஒதுங்கி உட்கார்ந்திருக்கும் பெற்றோரற்ற சிறுமியை அந்தப் புத்தகத்தாலேயே அடிக்கிறான் அவள் அண்டியிருக்கும் வீட்டுப் பையன். தண்டனையாகச் சிவப்பு அறையில் அடைக்கப்படுகிறாள். பிறகு ஒரு கொடும்பள்ளி. அங்கே அன்பான மிஸ் டெம்பிள் என்னும் ஆசிரியை. மட்டில்டாவின் அப்பா அவள் கையிலிருந்த நூலகப் புத்தகத்தைப் பிடுங்கிக் கிழிக்கிறார். பள்ளித் தலைமையாசிரியையிடம், கண்ணாடிச் சில்லும் ஆணியும் பதித்த ‘சோக்கி’ என்னும் தண்டனைப் பெட்டி இருக்கிறது. மிஸ் டெம்பிளின் இடத்தில் மட்டில்டாவின் ஆசிரியை மிஸ் ஹனி வருகிறார். பட்டியலில் இருக்கும் இன்னொரு நாவல் 'நிக்கோலஸ் நிக்கிள்பி'. 1838இன் தொடக்கத்தில் டிக்கன்ஸ் யார்க்‌ஷயர் போய், பிள்ளைகளைக் கொட்டடியில் போடுவதுபோல் போட்டுவைத்த தனியார் பள்ளிகளை நேரில் பார்த்துவிட்டு எழுதியது அது. அதில் வரும் கொடூரத் தலைமையாசிரியர் ஸ்குவியர்ஸை, 'மட்டில்டா'வின் தலைமையாசிரியை மிஸ் டிரஞ்ச்புல் வகுப்பில் வைத்தே மெச்சிப் பேசுகிறார்; இந்த மடப்பிள்ளைகள் அதையெல்லாம் எங்கே படிக்கப்போகிறார்கள் என்று ஏளனமும் செய்கிறார். நான் படித்திருக்கிறேன் என்கிறாள் மட்டில்டா. அவர் நம்புவதில்லை.

அந்த இடத்தில் மட்டில்டா தன் எதிரியை ஏற்கெனவே படித்து முடித்தவளாக நிற்கிறாள். ஸ்குவியர்ஸின் முடிவு அவளுக்குத் தெரியும்; டிரஞ்ச்புல் தன்னை எந்தப் பாத்திரமாக எண்ணிக்கொள்கிறார் என்பதும் தெரியும். நூலகம் அவளுக்குக் கொடுத்தது தப்பிச்செல்லும் கனவை மட்டும் அன்று. தன்னைச் சுற்றி நடப்பதைப் பெயர் சொல்லி அடையாளம் காணும் திறனையும்தான்.

திருமதி ஃபெல்ப்ஸைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். புரியாத இடங்களைக் கண்டு கவலைப்படாமல், சொற்களை இசைபோல் கேட்டுக்கொண்டு போகும்படி அவர் சொல்லும் அறிவுரை, வாசிப்பைப் பற்றி இந்த நாவலில் உள்ள மிக நல்ல பாடம். ஆனாலும் அவர் தலையிடுவதில்லை. நான்கு வயதுக் குழந்தை யார் துணையுமின்றித் தினமும் வந்து போவதைக் கவனிக்கிறார். அடுத்தவர் பிள்ளை விஷயத்தில் மூக்கை நுழைப்பது வீண் என்று முன்பே முடிவு செய்துகொண்டவர். நூலகம் கேட்டதைத் தரும், கேள்வி கேட்காது. அது அதன் பெருமை, அதன் எல்லையும்கூட. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொது நூலகச் சேவை உள்ளாட்சிகளின் சட்டபூர்வக் கடமை என்று 1964ஆம் ஆண்டின் சட்டம் வகுத்தது. அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் மட்டில்டாவின் கதையே இல்லை. 2010க்குப் பின் வந்த பத்தாண்டுகளில் பிரிட்டனில் சுமார் 800 நூலகங்கள் மூடப்பட்டதை நினைத்தால், அவளைப் போன்ற எத்தனை பிள்ளைகளின் பிற்பகல்கள் என்னவாயின என்று கேட்கத் தோன்றுகிறது.

வயதுக்கேற்ற வகுப்பு என்னும் விதி

பெற்றோரின் அலட்சியத்தால் மட்டில்டா தாமதமாக, ஐந்தரை வயதில்தான் க்ரஞ்சம் ஹால் தொடக்கப்பள்ளியில் சேர்கிறாள். வகுப்பாசிரியை மிஸ் ஜெனிஃபர் ஹனிக்கு வயது 23. முதல் நாள் இரண்டாம் வாய்ப்பாட்டைக் கேட்கிறார். மட்டில்டா நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போகிறாள். 487ஐ இரண்டால் பெருக்கினால்? 974. பதினான்கையும் பத்தொன்பதையும் பெருக்கினால்? 266. எப்படிச் செய்கிறாய் என்று கேட்டால் அவளால் விளக்க முடியவில்லை. தான் செய்வது பெரிய காரியம் என்ற எண்ணமே அவளிடம் இல்லை. மேதைக் குழந்தைகளைப் பற்றிய கதைகளில் வழக்கமாகத் தலைகாட்டும் அகந்தை இங்கே இல்லாததற்குக் காரணம், அவள் திறமையை இதுவரை யாரும் அவளுக்குக் கண்ணாடியாக நின்று காட்டியதில்லை என்பதே.

அன்றே மிஸ் ஹனி மூன்று கதவுகளைத் தட்டுகிறார். முதலில் தலைமையாசிரியை. மட்டில்டாவை உடனே மேல்வகுப்புக்கு, பதினோரு வயதுப் பிள்ளைகள் படிக்கும் வகுப்புக்கு மாற்றவேண்டும் என்று கேட்கிறார். நம் பள்ளிகளில் டபுள் புரமோஷன் என்பார்களே, அதைப்போலப் பல மடங்கு. மிஸ் டிரஞ்ச்புல்லின் பதில் ஒரு விதி: திறமை எதுவானாலும் எல்லாப் பிள்ளைகளும் அவரவர் வயதுக்குரிய வகுப்பில்தான் இருக்கவேண்டும். இரண்டாவதாக மேல்வகுப்பு ஆசிரியர்கள். அவர்களிடமிருந்து இயற்கணிதம், பிரெஞ்சு, இலக்கியம் என்று பாடப்புத்தகங்களை வாங்கி, தான் மற்றப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும்போது மட்டில்டா தனியே படிக்க ஏற்பாடு செய்கிறார். மூன்றாவதாகப் பெற்றோர். அவர்கள் டிவி தொடரிலிருந்து கண்ணை எடுக்க மனமில்லாமல் அவரை விரட்டாத குறையாக அனுப்புகிறார்கள்.

சுத்தியல் எறியும் வீராங்கனையாக இருந்த டிரஞ்ச்புல், சிறுமியைச் சடையைப் பிடித்துச் சுழற்றி வேலிக்கு அப்பால் வீசுகிறார். மிட்டாய் தின்ற பையனைச் சன்னல் வழியே எறிகிறார். வாசகருக்கு நினைவிருப்பது இந்த வன்முறைதான். மிஸ் ஹனிக்கு அவர் சொன்ன விதியோ மிகச் சாதாரணமானது. எந்த நல்ல பள்ளியிலும் ஒரு நல்ல தலைமையாசிரியர் சொல்லக்கூடியது. மட்டில்டாவைக் கட்டிப்போடுவது சோக்கி இல்லை, அந்த விதி. டால் இரண்டையும் ஒரே ஆளின் வாயிலும் கையிலும் வைத்தது தற்செயலானதாக எனக்குத் தோன்றவில்லை.

வன்முறையைப் பற்றியும் மட்டில்டாவுக்கு ஒரு கூர்மையான விளக்கம் இருக்கிறது. எதையும் அரைகுறையாகச் செய்யாதே, நம்பவே முடியாத அளவுக்குச் செய்துவிட்டால் பிள்ளை வீட்டில் போய்ச் சொன்னாலும் பெற்றோர் நம்பமாட்டார்கள் என்பதே டிரஞ்ச்புல்லின் தந்திரம் என்று தோழி லாவெண்டரிடம் சொல்கிறாள். இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் பிரம்படி சட்டப்படி முடிவுக்கு வந்தது 1987 ஆகஸ்டில், இந்த நாவல் வெளிவருவதற்குச் சற்றே முன். அதற்கான நாடாளுமன்ற வாக்கெடுப்பு முந்தைய ஆண்டில் 231க்கு 230 என்று ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. டிரஞ்ச்புல் மிகைப்படுத்திய கேலிச்சித்திரம்தான். அவருக்குப் பின்னால் இருந்த நடைமுறையைக் கைவிடத்தான் ஒரு நாடு அவ்வளவு தயங்கியது.

கோபத்திலிருந்து கண்ணுக்கு

சக்தி முதன்முதலாக வெளிப்படும் தருணத்தை டால் கவனமாகத் தேர்ந்திருக்கிறார். டிரஞ்ச்புல்லின் தண்ணீர்க் கூஜாவில், நியூட் என்ற பல்லி போன்ற நீர்வாழ் உயிரைப் போட்டது லாவெண்டர். பழி மட்டில்டாவின் மேல் விழுகிறது. செய்யாத குற்றத்துக்கு ஏச்சு வாங்கி, பேச அனுமதியும் இல்லாமல் உட்கார்ந்திருக்கும்போது அவள் கண்களில் ஒரு சூடு கூடுகிறது. கண்ணாடிக் குவளை சாய்ந்து, நியூட் தலைமையாசிரியையின் மேல் விழுகிறது. கணக்குப் போட்டோ கவிதை படித்தோ வந்த சக்தி இல்லை இது. வாய் அடைக்கப்பட்ட அறிவு வேறு வாசல் தேடிக்கொண்டது.

இதை மட்டில்டா மிஸ் ஹனியிடம் மட்டும் சொல்கிறாள். அவர் அவளைத் தன் குடிசைக்கு அழைத்துப் போகிறார். வழியில் டிலன் தாமஸின் கவிதை ஒன்றைச் சொல்லிக்கொண்டு போகும் அந்த ஆசிரியையின் வீட்டில் கட்டில் இல்லை, நாற்காலி இல்லை. வாரத்துக்குப் பத்து பென்ஸ் வாடகை. ரொட்டியும் மார்ஜரினும்தான் உணவு. தந்தை மேக்னஸ் இறந்தபின் தன்னை வளர்த்த, அம்மாவின் சகோதரி வீட்டையும் பறித்துக்கொண்டு, சம்பளத்தையும் வாங்கிக்கொண்டு, வாரம் ஒரு பவுன் மட்டும் தருகிறார் என்கிறார். அவர்தான் டிரஞ்ச்புல். அதன்பின் மட்டில்டா வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, அப்பாவின் சுருட்டை வைத்துப் பல நாள் பயிற்சி செய்கிறாள். தானாக வந்த சக்தியைத் திறனாக மாற்றிக்கொள்வதும் பயிற்சியால்தான். பிறகு வகுப்பில் சாக்பீஸ் தானாக எழுந்து, மேக்னஸின் குரலில் கரும்பலகையில் எழுதுகிறது. டிரஞ்ச்புல் மயங்கி விழுந்து, ஊரைவிட்டே போய்விடுகிறார். காணாமல் போன உயிலும் கிடைக்கிறது.

அதன்பின் நடப்பதுதான் இக்கட்டுரைக்கு முக்கியம். பள்ளிக்குப் புதிய தலைமையாசிரியர் வருகிறார். மட்டில்டா மேல்வகுப்புக்கு மாற்றப்படுகிறாள். அங்கே ஆசிரியை மிஸ் பிளிம்சால். சில வாரங்களில் சக்தி போய்விடுகிறது. மிஸ் ஹனி தரும் விளக்கம் எளிமையானது: கீழ்வகுப்பில் அவளுடைய பெரிய மூளைக்கு வேலையே இல்லை, பயன்படாத ஆற்றல் உள்ளே கொதித்துக் கொதித்துக் கண் வழியே வந்தது. இப்போது தன்னைவிட இரண்டு மடங்கு வயதுள்ளவர்களோடு போட்டியிடுகிறாள். அந்த ஆற்றலெல்லாம் படிப்பில் செலவாகிறது. மருத்துவரீதியாக இது சரியா என்பது கேள்வியில்லை. நாவல் தனக்குத் தானே எழுதிக்கொண்ட விளக்கவுரை இது.

முதல் பிரதியில் இருந்த வேறொரு சிறுமி

இந்த முடிவுக்கு டால் எளிதாக வந்துவிடவில்லை. நாவலின் முதல் பிரதியில் மட்டில்டா பிறவியிலேயே பொல்லாதவள். பெற்றோரை வதைப்பதுதான் அவள் பொழுதுபோக்கு. அவள் ஆசிரியை சூதாட்டக் கடனில் மூழ்கியவர். தன் சக்தியால் ஒரு குதிரைப் பந்தயத்தின் முடிவை மாற்றி அவரைக் காப்பாற்றுகிறாள் சிறுமி. இறுதியில் இறந்தும்போகிறாள். இந்தப் பிரதி தவறாக அமைந்துவிட்டது என்று டாலே பின்னர் பேட்டியில் ஒப்புக்கொண்டிருக்கிறார். மறுபடி முதல் பக்கத்திலிருந்து எழுதினார். அப்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது.

அந்த முதல் பிரதி எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடிகிறது. 1977இல் அவர் எழுதிய 'ஹென்றி ஷுகரின் அற்புதக் கதை'யில், இந்தியாவைச் சேர்ந்த இம்ரத் கான் என்பவர் மெழுகுவர்த்திச் சுடரை உற்று நோக்கிப் பயின்று, கண்ணை மூடியபடியே பார்க்கும் வித்தையைக் கற்றிருப்பார். அதைப் பற்றிப் படித்த ஆங்கிலேயப் பணக்காரர் அதே வித்தையைச் சூதாட்டத்துக்குப் பயன்படுத்துகிறார். கண்ணில் குடியேறும் சக்தி, பயிற்சி, பந்தயப் பணம் எல்லாமே அங்கே இருக்கின்றன. முதல் பிரதியின் மட்டில்டா அந்தக் கதையின் சிறுவயது வடிவம்தான். மறு எழுத்தில் டால் பந்தயத்தைத் தூக்கிவிட்டுப் புத்தகங்களை வைத்தார். அப்படிச் செய்ததும் சக்தியின் பொருளே மாறிப்போனது. பந்தயக் கதையில் அது சம்பாதிக்கும் கருவி. நூலகக் கதையில் அது நோயின் அறிகுறி.

புத்தகங்கள் டாலின் சொந்த வாழ்விலிருந்து வந்தவை. 1916இல் வேல்ஸின் லாண்டாஃபில் நார்வேப் பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். பள்ளிகளில் பட்ட பிரம்படிகளை 1984இல் வெளியான 'பாய்' என்னும் நினைவுநூலில் எழுதியிருக்கிறார். ஆங்கிலக் கட்டுரை எழுதத் தெரியாதவன் என்று ஆசிரியர்கள் கொடுத்த பருவ அறிக்கைகளும் அதில் உண்டு. 'மட்டில்டா'வின் தொடக்கமே, தான் ஆசிரியராக இருந்தால் பிள்ளைகளுக்கு எப்படிக் காரசாரமான அறிக்கை எழுதுவேன் என்று கதைசொல்லி கற்பனை செய்வதுதான். அந்தப் பள்ளி நாட்களில் விதிவிலக்காக ஒருவர் இருந்தார். சனிக்கிழமை காலைகளில் ஆசிரியர்கள் மதுக்கடைக்குப் போய்விட, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்த திருமதி ஓ’கானர். வெறுமனே காவலிருக்காமல், ஆங்கில இலக்கியத்தின் வரலாற்றை வாரம் ஒரு பகுதியாக அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். தன்னை வெறிகொண்ட வாசகனாக்கியவர் அவரே என்று டால் எழுதியிருக்கிறார். திருமதி ஃபெல்ப்ஸும் மிஸ் ஹனியும் அவரிடமிருந்து கிளைத்தவர்கள் என்றே எனக்குப் படுகிறது.

ஆய்வாளர்கள் கண்டது

டாலின் உள்ளுணர்வு உளவியலாளர்களின் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. மேதைக் குழந்தைகளைப் பற்றிய முதல் பெரிய ஆய்வை லூயிஸ் டெர்மன் 1921இல் கலிஃபோர்னியாவில் தொடங்கினார். 1,500க்கு மேற்பட்ட பிள்ளைகளை அவர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார். அறிவு கூடிய குழந்தை நோஞ்சானாகவும் ஒட்டாத தன்மையோடும் இருக்கும் என்ற பழைய நம்பிக்கையை அந்த ஆய்வு தகர்த்தது. ஆனால் சோதனைக்கான பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பதில் ஆசிரியர்களின் பரிந்துரைக்குப் பெரும் பங்கு இருந்தது. மிஸ் ஹனி இல்லாத பள்ளியிலிருந்து மட்டில்டா அந்தப் பட்டியலுக்குப் போயிருக்க வாய்ப்பு குறைவு.

நியூயார்க்கில் மிக உயர்ந்த அறிவுத்திறன் கொண்ட பிள்ளைகளை நேரடியாகக் கவனித்த லீட்டா ஹாலிங்வொர்த், அவர் இறந்தபின் 1942இல் வெளியான நூலில் சொன்ன கணிப்பு இன்னும் நெருக்கமானது: நுண்ணறிவு எண் 140 உள்ள பிள்ளை சாதாரண வகுப்பில் பாதி நேரத்தையும், 170க்கு மேல் உள்ள பிள்ளை ஏறத்தாழ முழு நேரத்தையும் வீணாக்குகிறது. அந்த வீணான நேரம் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. சில பிள்ளைகள் கனவில் மூழ்குகிறார்கள், சிலர் குறும்பு செய்கிறார்கள், சிலர் தங்கள் அறிவை மறைத்துக்கொள்ளக் கற்கிறார்கள். டாலின் கதையில் அது கண்ணாடிக் குவளையைச் சாய்க்கிறது. வகுப்பைத் தாண்டி மேலே அனுப்பினால் பிள்ளை மனத்தளவில் சிதையும் என்ற அச்சம் பெரும்பாலும் ஆதாரமற்றது என்று 2004இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விரிவான அறிக்கை ஒன்றில் வாதிட்டார்கள். டிரஞ்ச்புல்லின் விதி க்ரஞ்சம் ஹாலோடு ஒழிந்துவிடவில்லை என்பதற்கு அந்த அறிக்கை தேவைப்பட்டதே சாட்சி.

முன்னோடிகளும் குறைகளும்

அறிவுக்கூர்மையுள்ள சிறுமி ஆங்கிலக் குழந்தை இலக்கியத்துக்குப் புதியவள் இல்லை. பிரான்சிஸ் ஹாட்ஜ்சன் பர்னெட்டின் 'எ லிட்டில் பிரின்சஸ்' (1905) நாவலின் சாரா க்ரூவும் கொடிய பள்ளி நிர்வாகியிடம் சிக்கியவள்தான். கற்பனையைப் போர்வையாகப் போர்த்திக்கொண்டு பரண் அறையில் பிழைக்கிறாள். அவளை மீட்பது வைரச்சுரங்கச் செல்வம். எல்.எம். மாண்ட்கோமரியின் ஆன் (1908) உயர்கல்விக்கான உதவித்தொகையை வென்றும், தன்னை வளர்த்த மரில்லாவுக்காக அதைக் கைவிடுகிறாள். ஒருத்திக்குப் பணம், ஒருத்திக்குத் தியாகம். மட்டில்டாவுக்குக் கிடைப்பது மேல்வகுப்பில் ஓர் இடமும், அவளே தேர்ந்துகொண்ட ஒரு வீடும். போலீசுக்குப் பயந்து ஸ்பெயினுக்கு ஓடும் பெற்றோர், இவளை விட்டுச்செல்லச் சொன்னதும் ஒரு மூட்டை குறைந்ததுபோல் ஒப்புக்கொள்கிறார்கள்.

குறைகளும் இருக்கின்றன. பிங்கோ, டிவி, தட்டில் வைத்த ஆயத்த உணவு, சாயமடித்த முடி என்று வோர்ம்வுட் குடும்பத்தின் கேடுகளை டால் அடுக்கும்போது, புதுப்பணக்காரக் கீழ்த்தட்டு மக்களின் மேல் படித்த வர்க்கம் காட்டும் இளக்காரம் அதில் கலந்திருக்கிறது. அழகும் மென்மையும் உள்ள பெண் நல்லவர், ஆண்மைத் தோற்றமுள்ள பெண் கொடியவர் என்ற சமன்பாடும் உறுத்துகிறது. மட்டில்டா எப்படி இப்படிப் பிறந்தாள் என்பதற்கு விளக்கமே இல்லை. மேதைமை வானத்திலிருந்து விழுந்ததுபோல் இருக்கிறது. ஆனாலும் அறிவுக்கு மட்டுமே நாவல் மாலை போடவில்லை. பெரிய சாக்லேட் கேக்கைத் தண்டனையாகத் தின்னச் சொன்னபோது முழுவதையும் தின்று தீர்க்கும் புரூஸ் போக்ட்ராட்டருக்கும், நியூட்டைக் கூஜாவில் போட்ட லாவெண்டருக்கும் துணிச்சலே திறமை. மட்டில்டாவின் அதிசயம்கூட லாவெண்டர் தொடங்கிவைத்ததுதான்.

பின்னால் வந்தவர்கள் இந்த நாவலைக் கையாண்ட விதமும் பாடம் சொல்கிறது. 1996இல் டேனி டெவிட்டோ இயக்கிய அமெரிக்கத் திரைப்படத்தில் மட்டில்டா கடைசிவரை தன் சக்தியை இழப்பதில்லை. புத்தகத்தை அலமாரியிலிருந்து கண்ணாலேயே வரவழைக்கிறாள். பார்க்க இனிமையான காட்சி. ஆனால் நாவலின் முதுகெலும்பை அது உருவிவிடுகிறது. 2010இல் ராயல் ஷேக்ஸ்பியர் நாடகக் குழு அரங்கேற்றிய இசை நாடகம் வேறு வழியில் போனது; அங்கே மட்டில்டா நூலகருக்குத் தானே கதை சொல்கிறாள். வாசகி கதைசொல்லியாகிறாள், திறமைக்கு இன்னொரு வேலை கிடைக்கிறது. 2023இல் சர்ச்சைக்குள்ளான திருத்திய பதிப்பில், புத்தகங்கள் வழியே மட்டில்டா போன பயணங்களைச் சொல்லும் பகுதியிலிருந்து கிப்ளிங்கின் இந்தியா நீக்கப்பட்டு ஸ்டைன்பெக்கின் கலிஃபோர்னியா வந்தது. கான்ராடின் கப்பல்களுக்குப் பதிலாக ஜேன் ஆஸ்டின் வந்தார். எதிர்ப்பு எழுந்ததும் பழைய பதிப்பும் தொடர்ந்து கிடைக்கும் என்று பதிப்பகம் அறிவித்தது. கிப்ளிங்கின் இந்தியாவோடு நமக்கு வழக்கு உண்டு. ஆனால் புரியாததையும் ஒவ்வாததையும் சேர்த்தே படித்து வளர்ந்த சிறுமியின் அலமாரியில் கைவைப்பது, திருமதி ஃபெல்ப்ஸ் ஒருபோதும் செய்யாத காரியம்.

மேல்வகுப்பில் மட்டில்டா என்ன படித்தாள், யாரோடு பேசினாள், எந்தக் கணக்கில் முதன்முறையாகத் திணறினாள் என்பதை டால் எழுதவே இல்லை. அவள் அங்கே இருக்கிறாள், மிஸ் பிளிம்சாலுக்கு அவள் அறிவு தெரிந்துவிட்டது, அவ்வளவுதான் சொல்கிறார். பறக்கும் சாக்பீசுக்குப் பக்கம் பக்கமாக இடம் ஒதுக்கியவருக்கு, மேசையில் குனிந்து பாடம் படிக்கும் பிள்ளையைப் பற்றிச் சொல்ல இரண்டு வரி போதுமானதாக இருந்தது. தனக்குரிய இடத்தில் உட்கார்ந்துவிட்ட குழந்தையிடம் வேடிக்கை பார்க்க ஒன்றும் இல்லை. கதை அங்கே முடிந்துவிடுகிறது, அவள் படித்துக்கொண்டிருக்கிறாள்.